நாலு விரல் கடல்

முன்னறையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

சமையலறையில் டீக்குப் பால் கொதிக்கக் காத்திருந்த மடிப்பக்கா திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டக்’. ஏதோ கெட்டியான பொருள் தரையில் இடிபடுகிற சத்தம்.

“என்னடி அது? எதையாவது போட்டு உடைச்சிட்டியா?”

“உடைக்கிற மாதிரி உன் வீட்டுல என்னக்கா வெச்சிருக்கே? என் பையை நகர்த்தி வெச்சேன். துணிதான்.”

மடிப்பக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. முப்பது வருஷம் துணியோடு குடும்பம் நடத்தியவள் அவள். பட்டு சரசரக்கும், கஞ்சி போட்ட துணி மொடமொடக்கும், திரைத்துணியை உதறினால் படபடக்கும். ‘டக்’ என்று பேசுகிற துணியை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைக்கப் போனதில் கேள்வி மறந்துபோயிற்று.

முன்னறையில் உட்கார்ந்திருப்பவள் சாவிக்காரி. ஏழு மணி நேரம் பஸ்ஸில் போனால் வருகிற ஒரு கடற்கரை ஊரில், மாடியும் கீழுமாகப் பத்து அறைகள் கொண்ட சின்ன விடுதி அவளுடையது. இடுப்பில் பத்துச் சாவியும் ஒரே கொத்தாகத் தொங்கும். அவள் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷமாக மடிப்பக்காவும் அவள் கணவரும் வருஷம் தவறாமல் அந்த விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாவிக்காரி இந்த வீட்டுப் படியை மிதிப்பது இதுதான் முதல் தடவை. “நான் ஊருக்குப் போயிட்டா கடலை யாரு பாத்துக்கறது?” என்று கேட்கிறவள், இன்று காலை பதினொன்றரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு பெரிய பை. முகத்தில் கோபம்.

கோபத்துக்குக் காரணம் மடிப்பக்கா போட்ட கடிதம். இரண்டே வரி. ‘இந்த வருஷம் ஆறாம் நம்பர் அறையை எங்களுக்காக வைக்க வேண்டாம். வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.’

அந்த இரண்டு வரியை எழுத அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. ‘எங்களுக்காக’ என்ற சொல்லில் வந்து ஒவ்வொரு முறையும் பேனா நின்றது. எங்களில் ஒருவர் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது.

ஒருவர் என்றால், அளவுகாரர். அவளுடைய கணவர். தெரு முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். ஜன்னலைக் கண்ணால் பார்த்தே உயரம் சொல்வார். அப்புறம் டேப் வைத்துப் பார்த்தால் ஒரு நூல் தப்பாது. வீட்டின் முன்னறையேதான் கடை. ஜன்னல் திரை, கதவுத் திரை, மேடைத் திரை என்று திரை தவிர வேறு எதையும் தைக்கமாட்டார். அவர் வெட்டி, பக்கவாட்டில் தையல் ஓட்டி, மேலே வளையத்துக்குப் பட்டி வைத்து, கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பார். அந்தக் கோட்டில் மடித்துக் கைத்தையல் போட்டு முடிப்பது அவள் வேலை. இடது கைக்காரி. அவள் போடும் தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் நூலே தெரியாது. “மடிப்புன்னா அக்கா மடிப்பு” என்று ஊரே சொல்லி, கடைசியில் அவளே மடிப்பக்கா ஆகிவிட்டாள்.

இப்போது அவருடைய தையல் மெஷின் ஒரு பழைய போர்வைக்கு அடியில் இருந்தது. வெட்டும் மேஜை மேல் மாத்திரை அட்டைகள், மின்சாரக் கட்டண ரசீது, மகள் அனுப்பிய பழங்கள். மகள் ஒரு தூரத்து நகரத்தில் மருத்துவமனையில் நர்ஸ். வாரம் ஒரு முறை போனில் கூப்பிட்டு, “அம்மா, இந்த வருஷமும் அங்க போயிட்டு வாம்மா, மனசு கொஞ்சம் மாறும்” என்பாள். “பாக்கலாம்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள் மடிப்பக்கா.

மனசு மாறுவதற்காகப் போகிற இடமாக இருந்தால் போயிருப்பாள். அந்த ஊரைப் பற்றி நினைத்தாலே அவள் நெஞ்சில் ஒரு குற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவள் மகளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அவள் டீயை எடுத்துக்கொண்டு வந்தாள். சாவிக்காரி வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

“ரூமை வேற யாருக்காவது குடுன்னு எழுதியிருக்கியே, அதை எழுதும்போது உன் கை கூசலையா?”

“கூசிச்சு.”

“கூசியும் எழுதினியா! சரி. குடுத்துடறேன். ஆனா வர்றவனுக்கு உங்க திரையை மாட்டித் தர மாட்டேன். அதான் எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டேன். உன் துணி, நீயே வெச்சு அழு.” பையைக் காலால் தள்ளினாள். “ஆறுதான் மிச்சம். மத்ததெல்லாம் உப்புக்காத்து தின்னுடுச்சு.”

பையின் வாய் திறந்து, மேலாக ஒரு நீலத் துணி தெரிந்தது. வெள்ளைக் கோடு போட்ட நீலம். போன வருஷத் திரை. மடிப்பக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பயணம் எங்கே தொடங்கியது என்பதைச் சொன்னால்தான் அவள் ஏன் முகத்தைத் திருப்பினாள் என்பது புரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், புதிதாகக் கட்டிய விடுதிக்குப் பத்துத் திரை வேண்டும் என்று சாவிக்காரி ஆர்டர் கொடுத்தாள். அளவுகாரர் போய் முதல் அறை ஜன்னலை மட்டும் அளந்தார். “பத்தும் ஒண்ணுதான், ஒரே ஆளு வெச்ச ஜன்னல்” என்று கொத்தனார் சொன்னார். அடுத்தவர் வார்த்தையை நம்பி அளவுகாரர் துணி வெட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். கணவனும் மனைவியுமாகப் போய்த் திரைகளை மாட்டினார்கள். ஒன்பது ஜன்னலுக்கு அச்சாகப் பொருந்திற்று. மாடியில் ஆறாம் நம்பர் அறையில் மட்டும் திரை நாலு விரல் குட்டை.

அவர் முகம் செத்துப்போயிற்று. வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, “அடுத்த தடவை வந்து மாத்திக் குடுத்துடறேம்மா” என்றார். அதற்குள் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. சாவிக்காரி அவர்களை அந்த ஆறாம் நம்பர் அறையிலேயே தங்கச் சொன்னாள்.

விடிகாலையில் மடிப்பக்கா கண் விழித்தாள். அந்த ஜன்னலின் அடிக்கட்டை கட்டிலின் உயரத்துக்கே இருந்தது. திரைக்கும் கட்டைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் கடல். தலையைத் தூக்காமல், படுத்தபடியே, தலையணையின் மட்டத்தில் ஒரு முழுக் கடல். ஒரு படகு இந்த ஓரத்தில் நுழைந்து, ஆடி அசைந்து, அந்த ஓரத்தில் போய் மறைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் அவரும் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது வெகு நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பஸ் வர நேரமிருந்தது. இருவரும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு அதிசயம் நடந்தது. அளவுகாரர் பேசினார்.

அதிசயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் அவர் வாய் நிறையக் குண்டூசி இருக்கும். காலை எட்டு மணிக்கு வாயில் வைத்தால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பார். எட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் கேட்டதெல்லாம் ‘ம்’, ‘ம்ஹூம்’, ‘ம்ம்ம்?’ இந்த மூன்றும்தான். இந்த மனுஷனுக்குள் இத்தனை பேச்சு இருக்கிறதா என்று அவள் மலைத்துப்போனாள். சின்ன வயதில் கப்பலில் வேலைக்குப் போக ஆசைப்பட்டதைச் சொன்னார். அவளைப் பெண் பார்க்க வந்த நாளில் அவள் வீட்டு ஜன்னல் திரை கோணலாக இருந்ததைச் சொன்னார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பஸ் வந்து நின்றபோது, ‘ஏன் வந்தது’ என்று அவளுக்கு இருந்தது.

ஊர் திரும்பியதும் குண்டூசி வாய்க்குப் போயிற்று.

அடுத்த வருஷம் அவர் ஆறாம் நம்பர் ஜன்னலுக்குப் புதுத் திரை வெட்டினார். தபாலில் அனுப்பலாமே என்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் சொன்னதற்கு, “மாட்டிப் பாக்காம எப்படி?” என்று ஊசிகளுக்கு நடுவிலேயே கேட்டார். வழக்கம்போலக் கோடு போட்டு மனைவியிடம் நீட்டினார்.

மடிப்பக்கா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தாள். இந்தக் கோட்டில் மடித்தால் திரை பொருந்திவிடும். பொருந்திவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் அந்த ஊர் முடிந்தது. கடையை மூடிவிட்டுச் சும்மா கடல் பார்க்கப் போகிற மனுஷன் இல்லை அவர். பண்டிகை நாளில் கூட ஷட்டரைப் பாதி திறந்து வைக்கிறவர்.

அவள் கோட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி மடித்தாள். மிச்சத் துணியை உள்ளே இன்னொரு சுற்று சுருட்டி மறைத்தாள். அவர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தையல் தப்பவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு வருஷமும், விடுமுறைக் கூட்டம் கலைந்த அடுத்த வாரம், கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘வெளியூரில் வேலை. ஐந்து நாள் கழித்துக் கடை திறக்கும்.’ ஒவ்வொரு வருஷமும் திரை நாலு விரல் குட்டை. மூன்றாம் வருஷம் உப்புக்காற்றில் துணி சுருங்குகிறது என்று சொன்னார் அளவுகாரர். நாலாம் வருஷம் துணியை இரண்டு நாள் வாளியில் ஊறப்போட்டுச் சுருங்கடித்து எடுத்துப் போனார். ஐந்தாம் வருஷம் கணக்கில் இரண்டு விரல் கூட்டி வெட்டினார். அவள் ஆறு விரல் மடித்தாள். ஏழாம் வருஷம் ஏணி போட்டு ஏறி மூன்று இடத்தில் அளந்து, நோட்டில் எழுதி, சாவிக்காரியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

“ஏன் அண்ணே, ஊர் ஜன்னலெல்லாம் உங்களைப் பாத்தா அடங்கி நிக்குது. என் ஜன்னல் மட்டும் வருஷா வருஷம் வளருதா?” என்று சாவிக்காரி கேட்பாள்.

“கடல் தண்ணி குடிக்குதுல்ல, வளரும்” என்பார்.

பதினாலு படி. கீழிருந்து மூன்றாவது படி முனகும். தண்ணீர்க் குழாயை இடப்பக்கம் திருகினால்தான் வரும். கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்ப ஆயிரத்து அறுநூறு அடி. அவர் எண்ணி வைத்திருந்தார். மகள் பதினாலு வயதில், “உலகத்துல வேற ஊரே இல்லையாப்பா?” என்று கேட்டுவிட்டு அத்தையின் வீட்டில் தங்கிக்கொண்டாள். இஸ்திரிக்காரர், “உங்களுக்கு வேற பஸ்ஸே கண்ணுல படாதா?” என்பார். கண்ணில் படவில்லைதான். வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் மௌனத்தை அந்த ஐந்து நாள் பேச்சில் அவள் கரைத்துக்கொண்டாள். காலையில் நாலு விரல் கடல், பகலெல்லாம் அவர் பேச்சு. அவளுக்கு அதற்கு மேல் எந்த ஊரும் தேவைப்படவில்லை.

போன வருஷம் அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மகள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றாள். ஆனாலும் அவர் நீலத் துணியை வெட்டினார், கோடு போட்டார், நீட்டினார். அவள் அந்தக் கோட்டை நெடு நேரம் பார்த்தாள். ‘ஒரு தடவையாவது இவரு ஜெயிச்சிட்டுப் போகட்டும்’ என்று நினைத்தாள். ‘போகட்டும்’ என்ற சொல் மனதில் வந்ததற்காகத் தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வருஷம் மட்டும், சரியாகக் கோட்டிலேயே மடித்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், வளையம் போதாது என்று அவளைப் பெரிய கடைத்தெருவுக்கு அனுப்பினார். மேஜை இழுப்பறையில் இரண்டு டஜன் கிடந்ததை அவள் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தாள். பெட்டியையும் அவரே கட்டி வைத்திருந்தார். வயசாகிறது, மறக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

பதினாலு படி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்தார். ஏணியில் அவளை ஏறவிட்டுக் கீழே நின்று பார்த்தார். அவள் திரையை மாட்டிவிட்டு இறங்கித் திரும்பினாள்.

நாலு விரல் குட்டை.

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அவரோ சிரித்தார். “பாத்தியா, இந்த வருஷமும் போச்சு! அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். அடுத்த நாற்பத்து மூன்றாம் நாள் அளவுகாரர் கண்ணை மூடினார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், சாவி.” மடிப்பக்காவின் டீ ஆறிப் போயிருந்தது. “சொன்னா என்னைக் காறித் துப்புவே. பரவால்ல.”

சொன்னாள். முதல் வருஷத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. “அது தப்பே செய்யாத கைடி. இருபது வருஷம் ‘நீ தப்பு, நீ தப்பு’ன்னு அந்தக் கைக்குச் சொல்லிச் சொல்லியே, கடைசியில நிஜமாவே தப்ப வெச்சுட்டேன். நான் சரியா தைச்ச அன்னிக்கு அவர் அளவு தப்பிடுச்சு. தோத்துப்போன மனுஷனா அனுப்பிட்டேன். எந்த மூஞ்சியோட அந்த ஜன்னலைப் போய்ப் பாப்பேன்?”

சாவிக்காரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் உதடு கோணியது. மடிப்பக்கா அழுகையென்று நினைத்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள். இடுப்புச் சாவிகளெல்லாம் சேர்ந்து சிரித்தன.

“என்னடி இளிப்பு? என் வயிறு எரியுது, உனக்குக் கூத்தா இருக்கா?”

“கோவிச்சுக்காதேக்கா. நீ குட்டையா மடிக்கிறது அண்ணனுக்கு மூணாவது வருஷமே தெரியும்.”

“உளறாதே.”

“நான் ஏன் உளறணும்? பையில கையை விடு. அந்தப் பச்சைத் திரையை எடு. கீழ் ஓரத்தைத் தடவிப் பாரு.”

மடிப்பக்கா எடுத்தாள். ஓரத்தை இடது கையால் தடவிக்கொண்டே போனாள். மூலையில் மடிப்புக்குள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. தையல் பிரிக்கிற ப்ளேடு எங்கே இருக்கிறது என்று அவள் கைக்குப் பார்க்காமலே தெரியும். நாலு தையலை அறுத்தாள். சட்டைப் பொத்தான் அளவில், தட்டையான, சாம்பல் நிறக் கூழாங்கல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

“ஒவ்வொரு திரையிலயும் ஒண்ணு இருக்கு” என்றாள் சாவிக்காரி. “நான் அதைக் கண்டுபிடிச்ச கதையைக் கேளு. துவைக்கிற கல்லுல திரையை அடிக்கிறேன், டக்கு டக்குன்னு சத்தம். அடுத்த வருஷம் அண்ணனைத் தனியா பிடிச்சுக் கேட்டேன். நீ மேல தூங்கிட்டிருந்தே. முதல்ல மழுப்பினாரு. அப்புறம் சொன்னாரு: ‘அவ மடிப்பு ஊருல யாருக்கும் அரை நூல் தப்பினதில்ல. இங்க மட்டும் வருஷா வருஷம் சரியா நாலு விரல் தப்புதுன்னா, அவளுக்குத் திரும்ப வரணும்னு ஆசை. வாயைத் திறந்து கேக்க மாட்டேங்கறா. நானும் வாயைத் திறந்து வாடின்னு கூட்டிட்டு வரத் தெரியாதவன். கடையை மூடிட்டுக் கடல் பாக்கப் போறேன்னு சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. வேலை பாக்கின்னா போயிடலாம். அதனால நீ அவகிட்ட எதுவும் சொல்லிடாதே தாயி’ன்னாரு. கிளம்புற அன்னிக்குக் கரையில ஒரு கல்லு பொறுக்கி, உன் மடிப்பைக் கொஞ்சம் பிரிச்சு உள்ள போட்டுத் தைச்சுடுவாரு. அந்த வருஷத்து ஞாபகமாம்.”

“வாளியில ஊறப்போட்டாரே! ஏணி போட்டு அளந்தாரே!”

“உன் மூஞ்சியைப் பாக்கத்தான். நீ திருட்டு முழி முழிக்கிறதை அன்னிக்குச் சாயங்காலம் என்கிட்ட நடிச்சுக் காட்டுவாரு.”

மடிப்பக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. அந்த மூலையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கல்லைப் போட்டு மூடிய ஓர் அங்குலம் மட்டும் வேறு கை. அவளைப் போலவே எதிர்ப்பக்கம் சாய்த்துப் போட்டிருந்தார், திருடர். ஆனால் நூலை இழுத்து இறுக்கியிருந்தார். கைத்தையல் போடும்போதெல்லாம் அவருக்கு அந்தப் பழக்கம். ‘உங்க தையல்ல துணிக்கு மூச்சு முட்டும்’ என்று அவள் கேலி செய்ததுண்டு.

திடீரென்று அவள் முகம் மாறியது. “சரி, அவருக்குத் தெரியும். அப்போ போன வருஷம்? நான் கோட்டுலதானே மடிச்சேன்? அது எப்படிக் குட்டையாச்சு?”

சாவிக்காரி கையை விரித்தாள். “அது எனக்குத் தெரியாதுக்கா. போன வருஷம் அண்ணன் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. ‘வந்துட்டோம்’னு மட்டும் சொல்லிச் சிரிச்சாரு.”

நீலத் திரை பையில் காத்திருந்தது. பதினோரு மாதமாக அவள் தொடாத துணி. அன்று மாட்டும்போது கூட மேல் வளையங்களைத்தான் பிடித்திருந்தாள். குட்டை என்று தெரிந்த பிறகு கீழ் ஓரத்தைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அதை எடுத்து மாத்திரை அட்டைகளைத் தள்ளிவிட்டு வெட்டும் மேஜையில் விரித்தாள். ஓரத்தைப் புரட்டினாள்.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தையல் கூட அவளுடையது இல்லை. எல்லாமே இறுக்கித் தைத்தவை. மூச்சு முட்டும் தையல். எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, கோணிக்கொண்டு, இரண்டு இடத்தில் இடம் தவறி. கை நடுங்கிக்கொண்டு தைத்தது என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சாண் அளவுக்குப் பிரித்தாள். உள்ளே, நாலு விரல் கீழே, அவருடைய சாக்பீஸ் கோடு மங்கலாக இருந்தது. அந்தக் கோட்டிலேயே ஒரு பழைய மடிப்பின் தடம். அதற்குச் சற்று மேலே வரிசையாக ஊசித் துளைகள். அந்தத் துளைகளின் இடைவெளி அவளுக்குத் தெரியும். அவை அவள் போட்டவை. பிரித்து எடுக்கப்பட்டவை. அவற்றின் பக்கத்தில் காய்ந்துபோன இரண்டு பழுப்புப் புள்ளிகள். ஊசி ஏறிய விரலின் ரத்தம்.

வளையம் வாங்க அனுப்பிய மாலை. இழுப்பறையில் இரண்டு டஜன். அவரே கட்டிய பெட்டி.

“சாவி…” அவள் அந்தத் துளைகளை விரலால் தடவினாள். “நான் சரியா தைச்சிருந்ததைப் பாத்திருக்காரு. இனிமே வரப்போறதில்லைன்னு நான் முடிவு பண்ணிட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. அவரே பிரிச்சு… அவரே குட்டையா மடிச்சு…”

மேஜை மேல் குனிந்து, அந்த நீலத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பத்து மாதமாக அழுத அழுகை வேறு, இது வேறு. சாவிக்காரி எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினாள். தடவத் தடவ அவளும் அழுதாள்.

வெகு நேரம் கழித்து மடிப்பக்கா நிமிர்ந்தாள். கூழாங்கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, முகத்தைக் கழுவி வந்து, வந்தவளுக்குச் சோறு போட்டாள். “மூணாவது படி இன்னும் முனகுதா?” என்று சாப்பிடும்போது கேட்டாள். “போன மாசம் ஆள் வெச்சுச் சரி பண்ணினேன். ரெண்டே நாள்ல மறுபடியும் முனக ஆரம்பிச்சிடுச்சு” என்றாள் சாவிக்காரி.

மூன்று மணிக்குத் திரும்பிப் போகிற பஸ். இரண்டரைக்குச் சாவிக்காரி எழுந்தாள்.

“கிழிஞ்சுபோன திரையில இருந்த கல்லெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வெச்சிருக்கேன். அதையும் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல. வேணும்னா வந்து எடுத்துக்கோ.”

மடிப்பக்கா ஐந்து திரைகளை மடித்துப் பையில் வைத்துப் பையை அவளிடமே நீட்டினாள். நீலத் திரை மேஜையிலேயே இருந்தது.

“இது மட்டும் இருக்கட்டும். வேலை பாக்கி இருக்கு.”

“சரி பண்ணிடப் போறியா?”

“பிரிச்ச இடத்தை மூடணும். அவ்வளவுதான். அந்த ஜன்னல் உயரம் எவ்வளவுடி?”

“எனக்கென்னக்கா தெரியும்? அண்ணன் அத்தனை வருஷம் அளந்தே முடியல. நீ வந்து அளந்துக்கோ.”

கதவைத் திறந்தபோது உள்பக்கத்து ஆணியில் தொங்கிய அட்டை ஆடியது. ‘வெளியூரில் வேலை.’ அவர் கையெழுத்து. மேலே பத்து மாதத் தூசி. சாவிக்காரி அதை விரலால் துடைத்துப் பார்த்தாள்.

“இது எப்போ வெளிப்பக்கம் தொங்கும்?”

“வர்ற திங்கக்கிழமை.”

“ஒரு ஆளா, ரெண்டு ஆளா?”

மடிப்பக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். சாம்பல் நிறக் கூழாங்கல் அங்கேயே இருந்தது.

“ரெண்டு தலையணை போட்டு வை.”

சாவிக்காரி தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனை திரும்பும் வரை சாவிச் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு மடிப்பக்கா கதவைச் சாத்தினாள். ஆணியில் அட்டை இரண்டு முறை ஆடி நின்றது.